கோடு அசைந்த இடம்

புள்ளிவிவர அலுவலகத்து ஜன்னல் வழியாகக் காலை வெயில் கணினித் திரையில் விழ, நாட்டின் கொலை விகிதத்தைக் காட்டும் கோடு பாதி வெளிறிக் கிடக்கிறது. வருடா வருடம் இறங்கிவரும் கோடு. குமாஸ்தாப் பெண் உள்ளங்கையால் வெயிலை மறைக்கிறாள். பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கியபடி ஓர் அக்கா எட்டிப் பார்க்கிறாள். வீட்டில் எல்லோரும் குள்ளன் என்று கூப்பிடும் அவளுடைய தம்பியைப் போன வருடக் கடைசியில் அடித்துப் போட்டார்கள். இந்த வருடம்தான் ஆஸ்பத்திரியில் செத்தான். "போன வருஷம் அடிதடின்னு எழுதிட்டாங்கக்கா. இந்த வருஷம் வெறும் சாவுன்னு போட்டுட்டாங்க. ரெண்டு வருஷமும் கொலைக் கணக்குல அவர் இல்ல." "அப்போ தானாவா செத்தான்?" "இல்லக்கா. போலீஸ்லயே இப்போ கொலைன்னு மாத்திட்டாங்களே. இதோ, சேர்த்துட்டேன்." விசைப்பலகையில் ஒரு விசை சொடுக்குகிறது. மின்விசிறி முனகுகிறது. கோடு அப்படியே இருக்கிறது. "அசையவே இல்லையேம்மா?" "இது சோம்பேறிக் கோடுக்கா. லட்சம் பேருக்கு எத்தனை கொலைன்னு போடுறது. ஒருத்தர் வந்தா எழுந்திருக்காது." "பெருசாக்கிக் காட்டேன்." குமாஸ்தா பெரிதாக்குகிறாள், இன்னும், இன்னும். வருடங்கள் திரையின் ஓரங்களில் வழிந்து மறைகின்றன. கோடு தடித்து, சின்னச் சின்னக் கட்டங்களாக உடைகிறது. கடைசிக் கட்டம் மட்டும் மயிரிழை மேலே ஏறியிருக்கிறது. அக்கா முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோகிறாள். அவள் மூச்சு திரைக் கண்ணாடியில் படர்கிறது. "எங்க வீட்டுக் குள்ளன்," என்கிறாள் மெதுவாக, "இங்கதான் நிக்கிறான்."