வியாழக்கிழமை லீவு

"வியாழக்கெழம மட்டும் லீவு கேக்காத இசக்கி. வேற எந்த நாளு வேணா எடுத்துக்க."

புருஷோத்தமன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். ஒரகடத்தில் கார் கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியின் லேப் அது. அவர் இன்சார்ஜ். அவருக்குக் கீழே இசக்கியப்பன் ஒருவன்தான்.

"சொந்தக்காரங்க வீட்டுல விசேஷம் சார். கண்டிப்பா போவணும்."

"இன்னா பெரிய விசேஷம்? லேப்ல ஆள் இல்லன்னா லைன் நின்னுரும். மேனேஜர் என்னத்தான் புடிப்பாரு. நீ வந்தே ஆவணும், சொல்ட்டேன்!"

தன்மையாகப் பேசுகிற மனிதர் இப்படிச் சீறியதில் இசக்கிக்குப் பகீரென்றது. விஷயம் தெரிந்துவிட்டதோ?

விசேஷம் என்பது பொய். வேலை பார்த்துக்கொண்டே எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்க விரும்புகிறவர்களுக்கு ஓர் அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது. அதற்கான இன்டர்வியூ வியாழக்கிழமை, பூந்தமல்லியில். உண்மையைச் சொல்லவும் பயம். மேலே படிக்கப்போவதாக, முன்பு இதே லேபில் இருந்த ஜோயல் வாயைத் திறந்த மறுவாரமே, 'இவன் இங்க நிலைக்க மாட்டான்' என்று மேனேஜர் அவனைப் பேக்கிங்குக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்.

சுங்குவார்சத்திரத்தில் அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த ஊர்க்காரன் சண்முகசுந்தரம் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஏலே, பேசாம போயிட்டு வா. காலையில போன் போட்டு மேலுக்கு முடியலன்னு சொல்லிரு."

"கண்டுபிடிச்சிட்டாருன்னா வேலை போயிரும்லா?"

"வேலை போனா வேற கம்பெனி இருக்கு. இது போனா?"

வியாழக்கிழமை காலை, பஸ்ஸில் ஏறியதிலிருந்து போனை எடுப்பதும் பையில் போடுவதுமாகவே இருந்தான். சாரின் குரலைக் கேட்டால் பொய் வராது என்று தோன்றியது. கடைசியில் போனை அணைத்துவிட்டான்.

இன்டர்வியூ நடந்த கட்டடத்தில் நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. உள்ளே போனவர்கள் முகம் வெளுத்துத் திரும்பினார்கள். இசக்கிக்கு ராத்திரி படித்த சமன்பாடு ஒன்றும் நினைவில் இல்லை. லைன் நின்றிருக்கும், மேனேஜர் கத்திக்கொண்டிருப்பார், சார் ஒற்றை ஆளாக லேபில் தவித்துக்கொண்டிருப்பார் என்பதே கண்முன் ஓடியது. பாவம், நல்ல மனிதர். அவர் தலையில் போய்க் கல்லைப் போட்டுவிட்டோமே!

பொறுக்க முடியவில்லை. திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுவோம் என்று போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான்.

அங்கே ஒரு தூணின் மறைவில், கெமிஸ்ட்ரி புத்தகத்தை அக்குளில் இடுக்கியபடி, போனில் முனகிக்கொண்டிருந்தார் புருஷோத்தமன்.

"காத்தாலேர்ந்து ஒரே வாந்தி மேனேஜர் சார், எய்ந்துக்கவே முடியல... லேபா? அதப்பத்திக் கவலையே படாதீங்க சார், அங்க நம்ம இசக்கி கீறான்!"