அடுத்த காட்டுப் புகையிலை

அவள் கொட்டகைக்குள் நுழைந்தபோது புழுக்கள் கக்கிக்கொண்டிருந்தன.

தலையைத் தூக்கி, உடம்பை முறுக்கி, பச்சைத் தண்ணீராகக் கக்கின. மல்பெரித் தழையைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத பட்டுப்புழுக்கள். நாளையோ மறுநாளோ கூடு கட்ட வேண்டியவை.

தட்டுத் தட்டாகச் செத்துக்கொண்டிருந்தன.

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். சுருண்டது. பாதியாகக் குறுகி அடங்கிப்போனது.

இந்தச் சாவு அவளுக்குத் தெரியும். புகையிலை நஞ்சு. புழு பூச்சி தன்னைத் தின்றுவிடக் கூடாதென்று அந்தச் செடி இலையில் சேர்த்து வைக்கிற நஞ்சு. பட்டுப்புழுவுக்கு அதன் காற்றுப் பட்டாலே போதும்.

வரப்புக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் சென்னியப்பன் அதைத்தான் நட்டிருந்தான். வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள். சிரித்தான், பாவி.

தழை அறுக்கிற அரிவாள் கதவோரம் இருந்தது. எடுத்தாள்.

வரப்பைத் தாண்டிப் போய்ப் புகையிலைச் செடிகளை முட்டி உயரத்தில் வெட்டினாள். சாறு தெறித்து முகமெல்லாம் பிசுபிசுத்தது. இன்னும் வெட்டினாள்.

சென்னியப்பன் ஓடிவந்து கொண்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். முதுகில் மிதித்தான். வாயெல்லாம் மண்.

புரண்டு எழுந்து வீசினாள்.

கழுத்தில் இறங்கியது. அரிவாளைப் பிடுங்கியபோது அவனும் கூடவே வந்தான். செடிகளுக்கு நடுவே விழுந்தான். கால்கள் கொஞ்ச நேரம் மண்ணை உதைத்து ஓய்ந்தன. அவளுக்குத் துளி இரக்கம் வரவில்லை.

கொட்டகைக்குத் திரும்பினாள்.

கணவன் தட்டுகள் அடுக்கிய ரேக்குக்கு முன்னால் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உனக்குக் காய்ச்சலா இருக்குதேன்னு விடியால நாந்தான் தழை போட்டேன் அம்மிணி. எழுப்ப மனசு வரலை. பாதியில தழை தீந்து போச்சு. அறுத்துட்டு வாரதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு."

அவன் கன்னத்தில் புகையிலை உப்பியிருந்தது. விரல் நுனிகளில் அதன் தூள்.

ராத்திரி இதே தழையைத்தான் அவள் போட்டாள். எல்லாம் நன்றாகத் தின்றன.

வெளியே புகையிலைக் காட்டுப் பக்கம் ஒரு பெண் அலறினாள். பிறகு பல குரல்கள்.

கடைசி ரேக்கில் அவன் கை படவில்லை. அங்கே மட்டும் புழுக்கள் உயிரோடு, பசியில் தலையை ஆட்டித் தேடிக்கொண்டிருந்தன.

அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் முக்கினாள். சோப்பை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். நகக்கண்ணைக்கூட விடவில்லை.

தண்ணீர் சிவந்தது. அப்போதுதான் அவன் அவள் கையைப் பார்த்தான்.

குரல்கள் வரப்பைத் தாண்டிவிட்டன.

"இனிமேட்டு நீங்கதான் தழை போடோணும்" என்றாள். "வாயக் கொப்பளிச்சுட்டு, கைய இதாட்டம் கழுவிட்டுப் போடுங்க."