பூட்டு வைத்த பரீட்சை

மச்சினனின் சட்டைப் பையில் கறுப்பாக ஏதோ புடைத்திருந்தது. போட்டோ ஸ்டுடியோ முதலாளி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெருவில் ‘பூட்டு’ என்று பெயர். தன் நிழலையே முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போகிற ஆள். வெயில் முகத்தில் அடித்தால் நிழல் பின்னால் வந்துவிடுமே என்று வீட்டுக்கே திரும்பிவிடுவார்.

“பையில என்ன மாப்ளே?”

“ஹார்ட் டிஸ்க் மாமா. நீங்க எடுத்த படம் பூரா இன்டர்நெட்ல ஒரே கணக்குல கிடக்கு. இந்த வாரம் நாலு கல்யாண ஆல்பம் குடுக்கணும். கணக்கு போச்சுன்னா, கல்யாணத்தைத் திருப்பி நடத்தச் சொல்வீங்களா? ஒரு காப்பி எடுத்து வெச்சிடறேனே.”

“ஒண்ணா இருந்தா ஒருத்தன்தான் திருடுவான். காப்பி எடுத்தா ரெண்டு பேர் திருடுவாங்க. வேணாம்.”

மச்சினன் கம்ப்யூட்டர் படித்தவன். போதாக்குறைக்குப் பெண்டாட்டியின் தம்பி. இரண்டில் ஒன்றாக இருந்தாலே பூட்டு நம்பமாட்டார்.

போன் அடித்தது. படங்களைச் சேமித்து வைக்கும் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒரு தேன்குரல்.

“சார், உங்க கணக்குக்குள்ள யாரோ நுழையப் பாக்கறாங்க. உடனே தடுக்கணும். பாஸ்வேர்டு சொல்றீங்களா?”

பூட்டு ஓரக்கண்ணால் மச்சினனை அளந்தார். “பாஸ்வேர்டா? என் பெண்டாட்டிக்கே சொன்னதில்ல. முதல்ல நீ கம்பெனி ஆள்தான்னு நிரூபி.”

“எப்படி சார்?”

“பாஸ்வேர்டு மறந்தா கேக்கறதுக்குன்னு மூணு ரகசியக் கேள்விக்குப் பதில் குடுத்து வெச்சிருக்கேன். கம்பெனிக்காரன்னா உனக்குத் தெரிஞ்சிருக்கணும். சொல்லு, நான் வளர்த்த நாய் பேரு என்ன?”

தேன்குரல் தடுமாறியது. “டைகர்...?”

“டைகராம் டைகர்! தெருவுக்கு நாலு டைகர் திரியுது. என் நாய் பேரு மந்திரிடா! சரி, என் முதல் வாத்தியாரோட பட்டப்பேரு?”

மச்சினன் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினான். யாருக்குச் சைகை காட்டுகிறான்? பூட்டுக்கு உள்ளே ஒரு பொறி தட்டியது. ஆகா, உள்ளே ஒருத்தன், வெளியே ஒருத்தன்.

“குட்டை வாத்தியார்...?” என்றது போன்.

“மாட்டினியா! அந்த மனுஷன் கொடிக்கம்பம் மாதிரி நிப்பாரு. சிடுசிடுன்னு இருப்பாருன்னு ‘இஞ்சி’ன்னுதான் கூப்பிடுவோம்.”

மச்சினன் போனைப் பிடுங்கப் பாய்ந்தான். பூட்டு அவன் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார். “மாமா, அந்த போனை...” என்றவனின் வாயை லென்ஸ் துடைத்த துணியாலேயே பொத்தினார்.

“கூட்டாளியக் காப்பாத்தப் பாக்கறியா? இரு, ரெண்டு பேருக்கும் சேத்து வெக்கறேன்.” பிறகு போனில் உறுமினார். “கடைசிக் கேள்வி. என் முதல் காதலி யாரு?”

“உங்க வீட்டம்மாதானே சார்?”

“அப்படித்தான் அவளும் நினைச்சுக்கிட்டிருக்கா!”

மச்சினன் காதில் விழக்கூடாதென்று போனை வாயோடு ஒட்டி வைத்து, குரலைத் தாழ்த்தினார். “டைப்பிங் கிளாஸ்ல ஒரு பொண்ணு. குயில்னு பேரு.” உடனே குரல் கூரையைத் தொட்டது. “மூணும் தப்பு! போடா ஃப்ராடு!”

“ரொம்ப நன்றி சார்” என்று மரியாதையாக வைத்துவிட்டது தேன்குரல்.

பூட்டு மச்சினனை விட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். நாலு ஜோடியும் பத்திரமாக இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே.

பாஸ்வேர்டை அடித்தார். திறக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, விரலால் குத்திக் குத்தி மறுபடியும் அடித்தார். ‘தங்கள் கடவுச்சொல் சற்றுமுன் மாற்றப்பட்டது’ என்றது திரை.

பூட்டின் முகத்தில் ஈயாடவில்லை. “எப்படிடா உள்ள போனான்? அவனுக்குத்தான் என்னைப் பத்தி ஒண்ணுமே தெரியலையே!”

மச்சினன் கசங்கிய காலரைச் சரிசெய்துகொண்டான்.

“இப்பத் தெரியும் மாமா.”