கோலுக்கு முன்னால் குழி

கல்லூரியில் என்ன விழா என்றாலும் கால்பந்து மைதானத்தில்தான் பந்தல் போடுவார்கள். விழா முடிந்ததும் பந்தல்கால்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். குழிகளை மூடுவது கோச் இன்னாசியின் வேலை. ஒருமுறை அவர் கண்ணில் படாமல் போன குழியில் கால் மாட்டி, அவருடைய அருமையான ஃபார்வர்டு ஒருவன் ஆட்டத்தையே விட்டுவிட்டான். பந்தலை வேறு எங்காவது போடுங்கள் என்று ஒவ்வொரு முதல்வரிடமும் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவர் ஓய்வுபெறும் நாளின் பாராட்டு விழாவுக்கும் பந்தல் அங்கேயே, கோலுக்கு நேர் எதிரே. “இந்த கிரவுண்டு நம்ம கோச்சுக்குக் கோயில் மாதிரி” என்றார் முதல்வர். பலத்த கைதட்டல். வரிசையாக வந்து பொன்னாடை போர்த்தினார்கள்.

சாயங்காலம் பந்தல்காரர் முதல் காலைப் பிடுங்கினார். மண்வெட்டி இருக்கும் அறையின் சாவியை இன்னாசி காலையிலேயே ஒப்படைத்திருந்தார். குழியருகே போனார். தோளில் கிடந்த பொன்னாடைகளில் ஒன்றைச் சுருட்டி உள்ளே திணித்து, ஓங்கி மிதித்தார்.

“ஐயோ, என்ன சார் பண்றீங்க?” என்று பதறினார் பந்தல்காரர்.

“காலைல பசங்க ஆட வருவாங்கய்யா. நீ அடுத்ததப் புடுங்கு.”