மஞ்சளுக்குள் ஊதா

சோதனைச்சாலை அலமாரியில் ஒரு வெள்ளை உப்புப் புட்டியின் பெயர்ச்சீட்டு உரிந்து விழுந்துவிட்டது. உள்ளே இருந்தது பொட்டாசியம் உப்பு. பெயரில்லாத புட்டிகளையெல்லாம் கொட்டிவிடச் சொல்லி உத்தரவு வந்திருந்ததால் அது கலங்கிப்போயிருந்தது.

"எதுக்குப் பயப்படறே? தீயில காட்டினா நிறத்தை வச்சுக் கண்டுபிடிச்சிருவாங்க. நானும் கூட வர்றேன்," என்றது சோடிய உப்புத் துணுக்கு. யாரோ கழுவாத கரண்டியை விட்டதில் புட்டிக்குள் வந்து ஒட்டிக்கொண்டது அது. தனிம அட்டவணையில் பொட்டாசியத்துக்கு நேர் மேல் வீட்டுக்காரன்.

ஆசிரியை செண்பகவடிவு கம்பி நுனியில் உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினார். சோடியம் பளீரென்று மஞ்சளாக எரிந்தது. பொட்டாசியமும் தன்னால் முடிந்தமட்டும் எரிந்தது. அதன் இளம் ஊதா அந்த மஞ்சளில் தெரியவே இல்லை. ஆசிரியை 'சோடியம்' என்று எழுதி, சீட்டில் பசை தடவ ஆரம்பித்தார். கொட்டப்படுவதே மேல் என்றிருந்தது பொட்டாசியத்துக்கு.

துளி சோடியம் கலந்தாலும் மஞ்சள் வந்துவிடுமே என்று ஆசிரியைக்குத் தோன்றியது. நீலக் கண்ணாடித் துண்டைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மறுபடி காட்டினார். கண்ணாடி மஞ்சளை விழுங்கிவிட, ஊதா மட்டும் நின்று எரிந்தது. அவர் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார்.

அலமாரிக்குத் திரும்பியதும் சோடியம் கேட்டது: "முதல் தடவை ஏன் சும்மா இருந்தே?"

"அப்பவும் எரிஞ்சேன்," என்றது பொட்டாசியம். "உன் பக்கத்துலதான்."