மூன்று பேருக்கான ஹீட்டர்

குன்னூர் குளிருக்குப் புது வாட்டர் ஹீட்டர் வாங்க மகன் இளவரசு கிளம்பியபோது மாசிலாமணியும் கூடப் போனார். இப்போது வருகிற ஹீட்டர்கள் ஆள் பார்த்துத்தான் வெந்நீர் விடுகின்றன. கைரேகை பதிந்துகொண்டவர்களுக்கு மட்டுமே சூடு.

"எத்தனை பேருக்கு சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

மகன், மருமகள், பேத்தி என்று மூன்று பேர். இவரோடு நான்கு. நான்கு பேருக்கானது கொஞ்சம் பெரிது, குளியலறைக் கதவில் இடிக்கும். மகன் தயங்குவதைப் பார்த்து, "மூணு போதும்பா. எனக்குப் பச்சத் தண்ணியே பழக்கம்" என்றார் மாசிலாமணி. சும்மா இருங்கப்பா என்று அவன் அதட்டுவான் என நினைத்துத்தான் சொன்னார்.

"அப்ப இதையே குடுத்திடுங்க" என்றான் இளவரசு.

மறுநாள் காலை அவர் குழாயைத் திறந்ததும், "வணக்கம், விருந்தினரே. உங்களுக்குச் சாதாரணத் தண்ணீர்" என்றது ஹீட்டர், கனிவான குரலில். முதல் சொம்பைத் தலையில் ஊற்றியதும் அவருக்கு மூச்சு முட்டியது.

"மாமா எப்படிங்க இந்தக் குளிர்ல?" என்று வெளியே மருமகள் கேட்டாள்.

"அவருக்கு அதுதான் பிடிக்குமாம்" என்றான் மகன்.

மாசிலாமணி நடுக்கம் வெளியே கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சொம்பை ஊற்றிக்கொண்டார்.