எந்தப் போர்டு மேலே?

"டாக்டர் போர்டு மேலே, வக்கீல் போர்டு கீழே. அவ்வளவுதான், துளையைப் போடு!"

"போட்டுடுவியா தம்பி? எங்கே, போடு பார்க்கலாம்!"

ஏணி மேல் டிரில்லோடு நின்ற போர்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் கட்சி மீசைக்காரர். வக்கீல் கட்சி கண்ணாடிக்காரர். இருவரும் சம்பந்திகள்.

புதிதாகக் கல்யாணம் ஆன டாக்டரும் வக்கீலும் ஒரே கட்டடத்தில் தொழில் தொடங்குகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் திறப்பு. உள்ளே நாற்காலி இழுத்துப் போடும் சத்தம். வாசலில் இருப்பதோ ஒரே ஒரு ஒல்லித் தூண். பக்கம் பக்கமாக மாட்ட இடமில்லை. கிரானைட் வேறு. துளை போட்டால் போட்டதுதான்.

பேரம் படியவில்லை.

"உயிர் போற நேரத்துல எவனாவது வக்கீலைத் தேடுறானா சம்பந்தி?"

"ஏன் தேடாம? சொத்தைப் பிரிக்க வேணாமா?"

"வக்கீல்கிட்ட ஒரு டம்ளர் தண்ணி கேட்டுப் பாருங்க. அதுக்கும் வாய்தா வாங்குவாங்க. பட்டவன் சொல்றேன்!"

"டாக்டர் மட்டும் ஒழுங்கா? நமக்குக் காய்ச்சல்னா 'ஒண்ணுமில்ல, போய்ப் படுங்க'. ஊரான் தும்மினா ஓட்டம்! கையெழுத்தைப் பாருங்க, கோழி கிளறின மாதிரி. வக்கீல் எழுந்து நின்னா ஜட்ஜே நிமிர்ந்து உட்கார்றாரய்யா!"

"டாக்டர் வார்டுக்குள்ள நுழைஞ்சாலே பாதி நோய் எழுந்து ஓடுது!"

எதிர்க்கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

கண்ணாடிக்காரர் செருப்பைத் தேடினார். "டாக்டர் போர்டு மேலே ஏறினா இந்தத் திறப்புக்கு நான் இல்லை. கிளம்புறேன்!"

"தாராளமா! நானும் வண்டியை எடுக்கிறேன். வக்கீலுக்குக் கீழே டாக்டர் பேரை என்னால பார்க்க முடியாது!"

போர்டுக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. தடதடவென்று ஏணியிலிருந்து இறங்கினார்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்! நானும் பிள்ளை பெத்தவன்தான். அவனவனுக்கு அவனவன் பெத்தது உசத்தி, ஒத்துக்கிறேன். அதுக்காக நல்ல நாளும் அதுவுமா உள்ளே இருக்கிற சின்னஞ்சிறுசுங்க மூஞ்சி சுருங்கணுமா? சம்பந்தி பிள்ளையை ஒரு சாண் உசத்தி வச்சா நீங்க என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் மீசை துடித்தது. அடுத்து கண்ணாடிக்காரரின் தொந்தி குலுங்கியது. பிறகு வாசலே அதிர ஒரு சிரிப்பு.

போர்டுக்காரர் திருதிருவென விழித்தார். "இதுல சிரிக்க என்ன இருக்கு?"

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"தம்பி, டாக்டர் நான் பெத்த பையன். வக்கீல்தான் இவர் பொண்ணு. இப்ப நீயே சொல்லு, என் மருமக பேரை அந்தத் தடியன் பேருக்குக் கீழே மாட்ட நான் விடுவேனா?"